படம் பார்த்தவரும் படியில் உட்கார்ந்தவரும்

(கொல்லயிலில் நடந்த வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தனுவச்சபுரத்திலிருந்தும் உதியன்குளங்கரையிலிருந்தும் நடந்தே வந்தவர்கள், பாறசாலையில் பஸ் பிடித்து வந்தவர்கள், களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் இருக்கிறீர்கள். கிரிக்கெட், ஃபுட்பால் என்றால் இந்த ஊரில் விடிய விடியப் பேச ஆள் உண்டு. இன்றைய பேச்சு பேஸ்பாலில் தொடங்குகிறது. பதற வேண்டாம், சீக்கிரமே காரியவட்டத்துக்கு வந்துவிடும்.

2024 மார்ச் 5 அன்று, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் கட்டப்போகும் ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தின் படங்கள் வெளியாயின. அப்போது ஓக்லண்ட் நகரத்தில் ஆடிக்கொண்டிருந்த அத்லெட்டிக்ஸ் அணி அங்கே குடிபோகிறது. வரைந்தது டென்மார்க்கைச் சேர்ந்த பியார்க்கே இங்கெல்ஸின் நிறுவனம். ஒன்றன்மேல் ஒன்று கவிந்த ஐந்து வெள்ளை ஓடுகள் கூரையாக, நகரத்தின் சூதாட்டத் தெருவைப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். வெற்றி பெற்ற அணிக்குக் கொடுக்கும் முக்கோணக் கொடிகள் ஐந்து சேர்ந்தது போல என்பது வடிவமைத்தவர்கள் தந்த விளக்கம். இங்கெல்ஸ் இன்னொரு உவமையும் சொன்னார்: உருண்டையான ஆர்மடில்லோ. ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டத்துப் பிராணி. நம் மலைக்காடுகளில் அழுங்கு என்கிறோமே, பார்வைக்கு அதன் சாயல், உடம்பெல்லாம் ஓட்டுக் கவசம்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஆளாளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். சிட்னி ஆபெரா ஹவுஸைப் பார்த்து அடித்த காப்பி என்றது ஒரு கூட்டம். இவ்வளவு அழகான பேஸ்பால் ஸ்டேடியம் உண்டா என்றது இன்னொரு கூட்டம். ஓக்லண்ட்காரர்கள் சிரிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை. காரணம் உண்டு. 2018இல் இதே நிறுவனம் இதே அணிக்காக ஓக்லண்ட் துறைமுகக் கரையில் ஒரு ஸ்டேடியம் வரைந்து காட்டியது. கூரைமேல் பூங்கா, மக்கள் ஏறி உலாவலாம், கடல் பார்க்கலாம். படம் பிரமாதம். ஸ்டேடியம் வரவில்லை. 2023 ஜூன் 13 அன்று, வழக்கமாக ஈயாடும் பழைய மைதானத்தில் 27,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் திரண்டு, ‘அணியை விற்றுவிட்டுப் போ’ என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். அந்த வாரமே நெவாடா மாநிலம் லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் நிறைவேற்றியது.

அப்படிப்பட்ட ஊர்க்காரரிடம் போய், ‘கூரை ஆர்மடில்லோ மாதிரி இருக்கிறதா, ஆபெரா ஹவுஸ் மாதிரி இருக்கிறதா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இன்று சொல்ல வந்தது இதுதான். ஒரு ஸ்டேடியத்தைப் பற்றி மக்கள் இரண்டு முறை பேசுகிறார்கள். படம் வந்த அன்று ஒரு முறை, படியில் உட்கார்ந்த பிறகு ஒரு முறை. முதல் பேச்சு ‘எது மாதிரி இருக்கிறது’ என்பது. பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் அதைத்தான். இரண்டாவது பேச்சு வெயில், தூரம், தூண், கக்கூஸ், வீடு திரும்பும் வண்டி பற்றியது. அதைக் கட்டடக்கலை விமர்சனம் என்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் கட்டடத்தின் நல்லது கெட்டதைத் துல்லியமாகச் சொல்வது அந்த இரண்டாவது பேச்சுதான்.

லாஸ் வேகாஸ் கூரையையே பாருங்கள். அந்த ஓடுகளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பாலைவன ஊர், தெற்கு வெயில் கொல்லும். ஓடுகள் அந்தப் பக்கத்தை மூடி, வடக்குப் பக்கம் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடும்படி வரைந்திருக்கிறார்கள். சரியாக வேலை செய்கிறதா என்பது ஸ்டேடியம் திறந்தால்தான் தெரியும். திறக்கத் திட்டமிட்டிருக்கும் ஆண்டு 2028. அதுவரை ஆர்மடில்லோப் பேச்சுதான்.

வெளிச்சத்தை உள்ளே விடுகிற கூரை எப்படிக் கதையாகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பழைய சாட்சி உண்டு. 1965இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் திறந்தபோது, முழுக்கக் கூரை மூடிய முதல் பெரிய பேஸ்பால் ஸ்டேடியம் என்று உலகமே வாய் பிளந்தது. உள்ளே புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள் பதித்தார்கள். பகல் ஆட்டம் தொடங்கியதும் மேலே போன பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டங்களும் கூசும் வெளிச்சமும் கலந்த அந்தப் பின்னணியில் பந்தைத் தேடி ஆட்டக்காரர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்குப் பச்சை வண்ணம் பூசி அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்ததுதான் செயற்கைப் புல்தரை. இன்று உலகெங்கும் பள்ளிக்கூட மைதானங்களில்கூட விரிக்கும் பிளாஸ்டிக் புல், ஒரு கூரையின் தப்புக் கணக்கில் பேரெடுத்த சரக்கு.

சிகாகோவில் இன்னும் நறுக்கென்று ஒரு நிகழ்வு. 1991இல் அங்கே ஒயிட் சாக்ஸ் அணிக்குப் புது ஸ்டேடியம் திறந்தார்கள். எல்லா வசதியும் உண்டு. ஆனால் நடுவில் பணக்காரர்களுக்கான தனியறைகளை அடுக்கியதால் மேல்தளம் உயரே உயரே போய்விட்டது. மேல்தளத்தின் முதல் வரிசைக்காரர், பழைய ஸ்டேடியத்தில் கடைசி வரிசைக்காரர் இருந்ததைவிடத் தூரத்தில் இருந்தார். சரிவோ செங்குத்து. படியிறங்கவே பயமாக இருக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். மறு வருடம், 1992இல், பால்டிமோர் நகரத்தில் கேம்டன் யார்ட்ஸ் திறந்தது. வரைந்தது அதே நிறுவனம்தான். பக்கத்திலிருந்த பழைய ரயில்வே கிடங்கை இடிக்காமல் அதையே ஸ்டேடியத்தின் ஒரு முகமாக ஆக்கினார்கள். செங்கல், இரும்புச் சட்டம், ஊரின் தெருவோடு ஒட்டிய நடை. மக்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் எழும்பிய பேஸ்பால் ஸ்டேடியங்களில் பெரும்பாலானவை அதன் குழந்தைகள். சிகாகோவில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2003 பருவம் முடிந்ததும் மேல்தளத்தின் உச்சி எட்டு வரிசைகளை அறுத்து எடுத்தார்கள். சுமார் 6,600 நாற்காலிகள் போயின. உச்சியில் உட்கார்ந்தவன் போட்ட புலம்பல் பன்னிரண்டு வருடம் கழித்து கான்கிரீட்டை வெட்டியது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டேடியம் வரைபவர்கள் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கோடு போட்டுப் பார்ப்பார்கள். உங்கள் கண்ணிலிருந்து மைதானத்தின் ஓரக்கோட்டுக்கு இழுத்த அந்தக் கோடு, முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே போகிறது என்பது கணக்கு. ஒன்பது செ.மீ. இருந்தால் நல்ல பார்வை. ஆறுக்குக் கீழே வந்தால் கழுத்தை நீட்டி நீட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த செ.மீ. வேண்டுமென்றால் பின்வரிசை உயர வேண்டும். உயர்ந்தால் சரிவு கூடும். சரிவு கூடினால் வயதானவர்களுக்கும் குழந்தைகளைக் கூட்டி வருபவர்களுக்கும் ஆபத்து. இந்த இழுபறிக்குள்தான் நல்ல ஸ்டேடியமும் மோசமான ஸ்டேடியமும் பிரிகின்றன. பத்திரிகையில் வரும் வண்ணப்படத்தில் இதில் ஒரு செ.மீ. கூடத் தெரியாது.

இனி நம்மூர்.

திருவனந்தபுரத்துக்குப் பெரிய ஸ்டேடியம் வந்த கதை இங்கிருக்கும் பலருக்கு நேரில் தெரியும். அதற்கு முன் பாளையத்தில் யூனிவர்சிட்டி ஸ்டேடியம்தான். 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக சென்னைக்காரர் ஸ்ரீகாந்த் சதம் அடித்தும் இந்தியா தோற்றது அங்கேதான். அதற்குப் பிறகு தலைநகரத்தில் சர்வதேச கிரிக்கெட் நடக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு தனியார் நிறுவனமே வரைந்து, கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் ஏற்பாட்டில் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் எழும்பியது. 2015இல் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா அங்கே நடந்தது. அன்று ஊர் பேசியது ஸ்டேடியத்தைப் பற்றி அல்ல, மோகன்லாலின் ‘லாலிஸம்’ மேடை நிகழ்ச்சியைப் பற்றி. வசை தாங்காமல் அவர் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்ததோடு அந்த அத்தியாயம் முடிந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் கட்டடம் பாவம், தன் முதல் பெரிய விழாவிலேயே இரண்டாம் இடத்துக்குப் போயிற்று.

அதன் வடிவமைப்புக்கு மக்கள் தந்த உண்மையான சான்றிதழ் 2017 நவம்பர் 7 இரவு வந்தது. நியூசிலாந்துடன் இருபது ஓவர் ஆட்டம். துலாவர்ஷம் கொட்டுகிறது. தெற்கே பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து போனவர்கள் நனைந்து ஊறிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மழைக்கு எந்த மைதானமும் குளமாகிவிடும், இன்று ஆட்டம் கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மழை விட்டது. தண்ணீர் இறங்கிய வேகத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். அணிக்கு எட்டு ஓவர் என்று சுருக்கி ஆட்டம் நடந்தது. இந்தியா 67, நியூசிலாந்து 61. மறுநாள் சாயாக்கடைகளில் ஆட்டத்துக்குச் சமமாக வடிகாலைப் பற்றியும் பேச்சு. மண்ணுக்கு அடியில் மணல், ஜல்லி, குழாய் என்று அடுக்கிய யாரோ ஓர் எஞ்சினியரின் வேலைக்கு ஊர் கைதட்டியது. எந்தப் படத்திலும் அந்தக் குழாய் தெரிந்திருக்காது.

அதே ஸ்டேடியம் 2023 ஜனவரி 15 அன்று வேறு முகத்தைக் காட்டியது. இலங்கைக்கு எதிராக இந்தியா 390 ரன். விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166, சுப்மன் கில் 116. இலங்கை 73க்குச் சுருண்டது. 317 ரன் வெற்றி, அன்றைக்கு ஒருநாள் ஆட்டத்தில் உலக சாதனை. பார்க்க ஆள் இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து, ஒருநாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று யுவராஜ் சிங் கேட்டார். கேளிக்கை வரி உயர்வும், அதைப் பற்றி எழுந்த கேள்விக்கு விளையாட்டு அமைச்சர் சொன்ன ‘பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டாம்’ என்ற பதிலும் கேரளமெங்கும் கொதிப்பைக் கிளப்பியிருந்த நேரம் அது. கட்டடத்தின்மேல் குற்றமில்லை. ஆனால் ஸ்டேடியம் என்பது சுவரும் கூரையும் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்த நாளின் படங்களை எடுத்துப் பார்க்கலாம். டிக்கெட் விலையும் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதிதான், எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்பதை அது தீர்மானிக்கிறது.

கொச்சிக் கதை இன்னும் சுவாரசியம். 2018 நவம்பர் 1 கேரளப் பிறவி நாளில் இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டத்தைக் கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் நடத்தக் கேரள கிரிக்கெட் சங்கம் முனைந்தது. முந்தைய ஆண்டுதான் அங்கே பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஃபுட்பால் நடந்து, அதற்காகத் தரையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். கிரிக்கெட்டுக்கு நடுவில் களிமண் இறுகிய பிட்ச் வேண்டும். ஃபுட்பாலுக்கோ அந்த நடுவட்டம் பூப்போல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தரை தராது. கேரள பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் அணியின் ரசிகர்கள் எழுந்தார்கள். சி.கே. வினீத், இயான் ஹ்யூம் போன்ற ஆட்டக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். சச்சின் டெண்டுல்கரும் சசி தரூரும் தரையைக் கெடுக்காதீர்கள் என்றார்கள். கடைசியில் ஆட்டம் காரியவட்டத்துக்கு மாறியது. மேற்கிந்தியத் தீவுகள் 104க்கு ஆட்டமிழந்து, சீக்கிரமே எல்லாம் முடிந்ததும் நினைவிருக்கும்.

அந்தச் சண்டையின் வேர் வரைபடத்தில் இருக்கிறது. ஒரு ஃபுட்பால் தரை 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் கொண்ட பெட்டி. கிரிக்கெட் மைதானம் பெரிய வட்டம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிண்ணம் கட்டினால் ஃபுட்பால் பார்ப்பவன் தூரத்தில் இருப்பான். கோல் அடித்தவனின் முகம் தெரியாது, முதுகு எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ‘பல்நோக்கு’ என்று அரசு அறிவிப்புகளில் வரும் சொல்லைக் கேட்டால் கைதட்டுவதற்கு முன் இதை யோசிப்பது நல்லது. பணம் மிச்சமாகும் என்பதும் உண்மைதான். ஏழை மாநிலங்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ஸ்டேடியம் கட்ட முடியாது. ஆனால் யார் தூரத்தில் உட்காரப்போகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போனால் சேப்பாக்கம். 2011 உலகக் கோப்பைக்காக அதைப் புதுப்பித்தபோது லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனம் சென்னையின் நடராஜ் வெங்கட் நிறுவனத்தோடு சேர்ந்து வரைந்தது. லார்ட்ஸ் மைதானத்தின் மவுண்ட் கேலரிக்குக் கூடாரம் போன்ற துணிக்கூரை போட்டவர்கள் அவர்கள். சேப்பாக்கத்திலும் வெளிச்சம் கசியும் வெள்ளைக் கூரைகள், கேலரிகளுக்கு நடுவே இடைவெளி, அதன் வழியே மெரினாவின் காற்று. மே மாத மத்தியானத்தில் பழைய கான்கிரீட் படிகளில் வெந்தவர்களுக்கு அது பெரும் நிம்மதி. அழகு என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட அபூர்வ ஸ்டேடியம்.

ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். பக்கத்திலிருந்த கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் புதுக் கேலரிக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய இடைவெளி இல்லை என்பது தகராறு. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. உள்ளே நிற்க இடமில்லாமல் ஜனம் நெரியும், தொலைக்காட்சியில் பார்த்தால் பின்னணியில் மூன்று கேலரி சென்னை அணியின் மஞ்சள் நிறமே இல்லாமல் வெறுமையாகத் தெரியும். 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டியது. அந்தக் கேலரிகளுக்கு அனுமதி கிடைக்காததால் ஹைதராபாதுக்குப் போயிற்று. உலகப் புகழ்பெற்ற கூரையை வரைந்தாலும், பக்கத்து மதிலுக்கு எத்தனை அடி விட்டோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் படியில் ஆள் உட்கார முடியாது. வீடு கட்டிப் பஞ்சாயத்து ஆபீஸில் நம்பர் வாங்க அலைந்தவர்கள் இந்தச் சிக்கலை உடனே புரிந்துகொள்வார்கள்.

மதுரைப் பக்கம் இன்னொரு விதமான எதிர்வினை. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே ஒரு பெரிய அரங்கத்தைத் தமிழ்நாடு அரசு கட்டி 2024 ஜனவரி 24 அன்று திறந்தது. கேலரி, காளைகளுக்குக் கொட்டகை, மருத்துவ வசதி, அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. பாதுகாப்பு என்று பார்த்தால் ஊர்த்தெருவைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் பொங்கல் ஜல்லிக்கட்டை ஊர் வாடிவாசலை விட்டு நகர்த்தக் கூடாது என்று அலங்காநல்லூர்க்காரர்கள் உறுதியாக நின்றார்கள். அரங்கம் வேறு போட்டிகளுக்கு, பொங்கல் ஆட்டம் பழைய இடத்தில் என்று ஆயிற்று. கட்டடத்தில் குறை என்று அவர்கள் சொல்லவில்லை. கோயில் காளை முதலில் இறங்கும் அந்த வாசலை வேறிடத்தில் கட்டினால் அது வாடிவாசல் ஆகாது என்றார்கள். வடிவமைப்பாளரால் இதற்குப் பதில் வரைய முடியாது.

காசியில் கட்டிக்கொண்டிருப்பது நேர் எதிர். 2023 செப்டம்பர் 23 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டிய வாரணாசி கிரிக்கெட் ஸ்டேடியத்தில் விளக்குக் கம்பங்கள் திரிசூலம், ஒரு கட்டடம் உடுக்கை, கூரை பிறைநிலா, முகப்பில் வில்வ இலைத் தகடுகள், கேலரி கங்கைப் படித்துறை. பக்தர்களுக்குப் பரவசம். மதச்சார்பற்ற விளையாட்டில் ஒரு மதத்தின் சின்னங்களா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த விவாதம் நியாயமானதுதான். ஆனால் கட்டடக்கலைக் கண்ணால் பார்த்தால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. லாஸ் வேகாஸின் ஆர்மடில்லோவும் காசியின் உடுக்கையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை. ‘எது மாதிரி இருக்கிறது’ என்ற கேள்விக்கு மக்கள் வாய் திறப்பதற்கு முன்பே விடையை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஊர் முழுக்கத் திரிசூலத்தைப் பற்றியே வாதாடும். பின்வரிசைக்கு எத்தனை செ.மீ. என்று கேட்க ஆளிருக்காது.

மக்கள் பேச்சு ஒரு ஸ்டேடியத்தையே நிறுத்திய சரித்திரமும் உண்டு. 2012இல் டோக்கியோ தேசிய ஸ்டேடியத்துக்கு ஸாஹா ஹதீதின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சைக்கிள் ஹெல்மெட் மாதிரி என்றார்கள் சிலர். மூத்த கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகி, மெய்ஜி கோயிலின் தோட்டப் பகுதிக்கு இந்த உருவம் தாங்காது என்று எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். அராதா இசோசாகி, ஜப்பான் மூழ்கினால் நீந்தித் தப்பக் காத்திருக்கும் ஆமை என்று கேலி செய்தார். கேலி மட்டும் இருந்திருந்தால் ஸ்டேடியம் எழும்பியிருக்கும். மதிப்பீடு 25,200 கோடி யென்னைத் தொட்டபோதுதான் ஜனம் கொதித்தது. 2015 ஜூலை 17 அன்று பிரதமர் ஷின்சோ அபே திட்டத்தையே ரத்து செய்தார். அடுத்து வந்தது கெங்கோ குமாவின் மர வேலைப்பாடு. ஜப்பானின் 47 மாகாணங்களிலிருந்தும் மரம் கொண்டுவந்து தாழ்வாரங்களில் பொருத்தினார். எல்லாரும் சமாதானம் ஆனபோது ஒலிம்பிக் சுடர் எரியும் கொப்பரைக்கு வரைபடத்தில் இடமே விடவில்லை என்று தெரிந்தது! 2021இல் கொரோனாவால் ஒலிம்பிக் ஆட்டங்கள் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. குமா நாற்காலிகளை ஐந்து மண் நிறங்களில் கலைத்துப் போட்டிருந்தார். காலி ஸ்டேடியம் டிவியில் பார்க்க ஆட்கள் நிறைந்த மாதிரியே இருந்தது. காரியவட்டத்துக்கும் 2023இல் அப்படி ஒரு வண்ணம் கிடைத்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

அந்த ஸ்டேடியத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் ஜப்பானின் மெய்ஜி ஜிங்கு பேஸ்பால் மைதானம். 1926இல் கட்டியது. 1934இல் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் வந்து ஆடியது. 1978இல் அதன் புல்மேட்டில் படுத்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது நாவல் எழுதலாம் என்று தோன்றியதாக ஹருகி முரகாமி பலமுறை சொல்லியிருக்கிறார். அதை இடித்துவிட்டு, பக்கத்து ரக்பி மைதானத்தின் இடத்தில் புதுப் பேஸ்பால் ஸ்டேடியமும் உயர்ந்த கோபுரங்களும் கட்டத் திட்டம். முரகாமி எதிர்த்தார். இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ 2023 மார்ச்சில், இறப்பதற்குச் சில வாரம் முன்பு, மரங்களைக் காப்பாற்றச் சொல்லி டோக்கியோ ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். புது ஸ்டேடியத்தின் சுவர் புகழ்பெற்ற ஜின்கோ மரச்சாலையின் வேர்களுக்கு அருகே வருகிறது என்பது மக்களின் பெரிய கவலை. முகப்பு எந்தப் பாணி என்று அங்கே யாரும் சண்டை போடவில்லை. வேர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு ஸ்டேடியத்தைப் பற்றி ஜனங்கள் கேட்ட மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று.

இதையெல்லாம் கொல்லயிலில் ஏன் பேச வேண்டும்? நமக்கு பியார்க்கே இங்கெல்ஸ் வந்து வரையப்போவதில்லை. ஆனால் கேலரி வரும். ஸ்கூல் கிரவுண்டுக்கு வரும், கோயில் திருவிழாவுக்கு வரும், செவன்ஸ் ஃபுட்பால் போட்டிக்குக் கமுகு மரமும் மூங்கிலும் கட்டித் தற்காலிகமாக வரும். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்ஙோட்டில் அப்படி ஒரு கேலரி ஃபுட்பால் ஆட்டத்தின் நடுவே சரிந்து ஏராளமானோர் காயப்பட்டார்கள். 2024 டிசம்பர் 29 அன்று கலூர் ஸ்டேடியத்தில் பரதநாட்டிய நிகழ்ச்சிக்காக விஐபிகளுக்குப் போட்ட தற்காலிக மேடையிலிருந்து திருக்காக்கரை எம்எல்ஏ உமா தாமஸ் கீழே விழுந்து பலத்த காயமடைந்தார். உலகத்தரம் என்று பேரெடுத்த ஸ்டேடியத்துக்குள் சரியான ஒரு கைப்பிடி இல்லை.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் நேப்பியரில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தபோது சாயங்கால வெயில் பேட்ஸ்மேனின் கண்ணில் அடித்து ஆட்டத்தை அரைமணி நேரம் நிறுத்தினார்கள். கிரிக்கெட் பிட்ச் வடக்குத் தெற்காகத்தான் இருக்கும். அங்கே கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள். சூரியனை யாரும் புதிதாகக் கொண்டு வந்து வைக்கவில்லை. நம்மூரில் மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை மேற்குப் பார்த்து உட்கார்ந்து பார்க்கும் தாத்தாக்களைக் கேட்டால் நேப்பியர் எஞ்சினியருக்குப் பாடமே எடுப்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் யாராவது மைதானத்துக்குக் கேலரி என்று ஒரு வண்ணப்படத்தை மேசையில் விரித்தால், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வெளியே வராதீர்கள். படத்தை ஓரமாக வைக்கச் சொல்லிக் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். மேற்கு எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் யார் வளப்பில் போய் விழும், பெண்களுக்குக் கக்கூஸ் எத்தனை, ஊன்றுகோலோடு வருபவர் எந்த வழியாக ஏறுவார், பக்கத்து மதிலுக்கு எத்தனை அடி என்று கேளுங்கள். பதில்களை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.